யாருக்காக இந்த வைத்தியச் சான்று?

சுரங்கமொன்றில் விபத்து நேர்ந்தால் உலகம் இறந்தோரை எண்ணுகிறது. அகப்பட்டோர்க்காகக் கவலை கொள்கிறது. அவர்களைத் தேடி உள்ளே இறங்குகின்றவர்களைப் பற்றியோ ஓரிரு புகழுரைகள் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறது. வீரர் என்னும் பட்டம் அவர்களுக்குத் தாராளமாக வழங்கப்படுகிறது. ஆனால், முறையாக அமைந்த மீட்புப் படையொன்றில் ஒருவன் சேருமுன் வைத்தியர் அவனுடைய இதயத்தைச் செவிமடுத்துக் கேட்கிறார். நுரையீரலின் எக்ஸ்ரே படத்தை ஒளியிற் பிடித்துப் பார்க்கிறார். செவிப்பறையையும் பற்களையும்கூடச் சோதிக்கிறார். குறை கண்டால், அவன் எத்துணைத் துணிவுடையவனாயினும் அனுப்புவதில்லை.

வீரத்துக்கு வைத்தியச் சான்று எதற்கு என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை தேடிச் செல்வோமாயின், உழைப்பாளியின் உடலை யார், எந்நோக்கத்துடன் அளந்தார்கள் என்னும் பெரியதொரு வரலாற்றினுள் நாம் புகுந்துவிடுகிறோம். கோலார் தங்கவயலின் ஆழத்திலும் கண்டிச் சீமையின் தோட்டங்களிலும் உழைத்த தமிழ் மக்களின் கதையும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்து நிகழ்ந்தால், நெருப்புக்கும் இடிபாட்டுக்கும் தப்பியவர்களும் பிழைப்பதில்லை. காரணம் நெடுங்காலம் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் 1896-ல் வெளியிட்ட அறிக்கையே உண்மையை நிலைநாட்டியது. மாண்ட தொழிலாளரின் உடல்களை ஆராய்ந்த அவர், பெரும்பான்மையோரைக் கொன்றது வெடிப்பின் வேகமன்று, அதன்பின் பரவிய காபனோரொட்சைட்டே என்று காட்டினார். நிறமும் மணமும் அற்ற இந்நஞ்சு, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பற்றிக்கொள்வது. ஹால்டேன் இதனைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர். சுரங்கத்துக்குச் சிறு பறவைகளை எடுத்துச் சென்று நச்சுக்காற்றை அறியும் முறையும் அவரது ஆலோசனையால் வந்ததே. பிரித்தானியச் சுரங்கங்களில் அம்முறை 1986 வரை நீடித்தது.

நஞ்சு இன்னதென்று தெரிந்தபின் அதனை மூச்சில் ஏற்காது உள்ளே செல்லும் வழி வேண்டியிருந்தது. ஹென்றி ஃபுளூஸ் என்பவர் அமைத்த சுவாசக் கருவி 1880-ல் இங்கிலாந்தின் சீஹாம் சுரங்க விபத்தின்போதே பயன்பட்டது. 1902-ல் டாங்கர்ஸ்லியில் பிரித்தானியாவின் முதல் மீட்பு நிலையம் எழுந்தது. 1906 மார்ச் 10-ல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டபோது, ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாச் சுரங்கத் தொழிலாளர் தங்கள் கருவிகளோடு எல்லை கடந்து உதவிக்கு ஓடினர். இரு நாட்டு அரசுகளும் ஒன்றையொன்று பகைமையுடன் நோக்கிய காலம் அது. ஆயினும் உழைப்பாளர் உழைப்பாளரைத் தேடிச் சென்றனர். இருபது நாட்களின் பின் பதின்மூவர் இருளிலிருந்து உயிருடன் வெளிவந்தனர்.

ஆனால் தோழமையும் துணிவும் மாத்திரம் போதா என்பதையும் அதே காலம் கற்பித்தது. 1909 நவம்பரில் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்துச் செரி சுரங்கம் தீப்பற்றியது. மாண்டோர் 259 பேர். அவர்களுள் பன்னிருவர் தாமாக முன்வந்து கூண்டில் மீண்டும் மீண்டும் இறங்கிப் பலரை மேலே கொண்டுவந்தவர்கள். இறுதிப் பயணத்தில் அவர்கள் அனைவரும் தீயில் மாண்டனர். பல ஆண்டுகள் கழித்தும் இக்கதை முடியவில்லை. 2001 செப்டெம்பரில் அலபாமாவின் புரூக்வுட் சுரங்கத்தில் பதின்மூவர் இறந்தனர். அவர்களுள் பன்னிருவர், முதல் விபத்தில் அகப்பட்ட தோழர்க்கு உதவச் சென்று இரண்டாம் வெடிப்பில் மடிந்தவர்கள். மீட்கச் சென்றவனே மீட்கப்பட வேண்டியவனாகும்போது இழப்பு இருமடங்காகிறது. மீட்பாளனுக்குரிய விதிகள் இவ்வாறு மாண்டவர்களின் பாடத்திலிருந்தே எழுந்தன.

அவ்விதிகளின் உட்பொருளை விளங்கிக்கொள்ள அக்கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். அது மூடிய சுற்றாக இயங்குவது. வெளிவிட்ட மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டைக் காரப்பொருள் உறிஞ்சிக்கொள்ளும். குறைந்த ஒட்சிசனை உருளை ஈடுசெய்யும். அதே காற்று மீண்டும் நுரையீரலுக்குச் செல்லும். உறிஞ்சுதலின்போது வெப்பம் பிறப்பதால் மூச்சுக் காற்றே சூடாகிறது. இன்று நான்கு மணிநேரம் உழைக்கவல்ல கருவிகள் உள்ளன. பனிக்கட்டி வைத்துக் காற்றைக் குளிர்விக்கும் வழியும் உண்டு. ஆயினும் முதுகிலேறும் சுமை ஏறத்தாழ 15 கிலோகிராம். அச்சுமையுடன் தவழ்ந்தும் குனிந்தும் சென்று, மயங்கிய மனிதனொருவனைத் தூக்குகட்டிலில் இட்டுத் திரும்பவேண்டும்.

இப்போது வைத்தியரின் கேள்விகள் ஒவ்வொன்றும் பொருள் பெறுகின்றன. பழைய கருவிகளில் மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாய்க்குழலைப் பற்களால் கடித்துக்கொண்டே மூச்சுவிட வேண்டியிருந்தது. ஆகவே பல் உறுதியாயிருக்க வேண்டும். செவிப்பறையில் துளையிருந்தால் நச்சுக்காற்று அவ்வழியே புகலாம் என்று விதிகள் அஞ்சின. முகமூடிக் கருவி வந்தபின் தாடிக்கும் தடை வந்தது. மயிரிழைகளின் ஊடே காற்றுக் கசியும். இதயமும் குருதியழுத்தமும் நீண்ட கடும் உழைப்பைத் தாங்க வேண்டும். வலிப்பு நோயுடையவனையும் அடைபட்ட இடத்தில் பீதிகொள்பவனையும் அனுப்புதல் கூடாது. உடற்பருமன் மிக்கவனின் வெப்பம் எளிதில் வெளியேறாது.

இவற்றுள் வெப்பமே பலர் உணராத பகைவன். 2002-ல் நெவாடா மாநிலத்தில், வெப்பமும் ஈரமும் மிக்க சுரங்கப் பாதையொன்றினுள் கருவியணிந்து சென்ற மீட்புக் குழுவினருள் இருவர் உயிரிழந்தனர். அங்கு வெடிவிபத்தும் இல்லை, அகப்பட்டோரும் இல்லை. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் ஆழமாகத் தோண்டப்பட்டபோது வெப்பத்தாக்கால் தொழிலாளர் இறக்கத் தொடங்கினர். 1920-களிலிருந்து அங்கே வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைச் சோதிக்கும் முறைகள் உருவாயின. சூடான அறையில் படியேறி இறங்கச் செய்து உடலின் வெப்பநிலையை அளக்கும் சோதனை அவ்வழி வந்ததே.

இவ்விதிகளில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய பண்பொன்றுண்டு. அவை மீட்பாளன் உயிருடன் திரும்பிவருவதை முதற் குறியாகக் கொண்டவை. ஒருமுறை சான்று பெற்றாற் போதாது; குறித்த காலந்தோறும் மீண்டும் சோதிக்கவேண்டும். உள்ளே சென்ற குழு ஒட்சிசனின் அளவு குறித்த எல்லையைத் தொட்டதும், பணி முடியாவிடினும், திரும்பியாக வேண்டும். ஒருவனுக்கு உடல் தளர்ந்தால் குழு முழுவதும் அவனோடு திரும்புகிறது. உழைப்பாளியின் உயிரைப் பணியினும் மேலாக வைத்து எழுதப்பட்ட தொழில் விதிகள் உலகில் அரிது. சுரங்க மீட்பு விதி அவ்வரிய விதிகளுள் ஒன்று.

இந்தியாவிலும் இவ்விதிகள் சாவின் பின்னரே வந்தன. 1936 டிசம்பரில் வங்காளத்து நிலக்கரிப் பகுதியிலுள்ள பொய்டிச் சுரங்க வெடிப்பில் 209 பேர் மாண்டனர். 1939-ல் நிலக்கரிச் சுரங்க மீட்பு விதிகள் பிறந்தன. அவை 1959-ல் திருத்தியமைக்கப்பட்டன. 1985-ல் சுரங்க மீட்பு விதிகள் என விரிவுபெற்றன. வைத்தியப் பரிசோதனையின்றி எவரும் மீட்புப் பயிற்சி பெறலாகாது என்பது அவற்றின் அடிப்படை. நல்லது. ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மீட்பாளனும் சுரங்கத் தொழிலாளியே. சுரங்கத் தொழிலாளருள்ளிருந்தே அவனைத் தெரிந்தெடுக்கிறார்கள். அவனைத் தெரிந்தெடுத்தபின் எஞ்சியவர்களின் நுரையீரலை யார் பார்த்தார்கள்?

இதற்குக் கோலார் தங்கவயல் சொல்லும் விடை கசப்பானது. 1880-ல் ஜோன் டெய்லர் கம்பெனி அங்கே பொறுப்பேற்றது முதல், வட ஆற்காட்டிலிருந்தும் அதன் அண்டை மாவட்டங்களிலிருந்தும் தமிழர் ஆயிரக்கணக்கில் சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமையால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள்; காணி நிலமும் இல்லாதவர்கள். சம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீற்றர் ஆழம் வரை சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை சதமளவையைத் தாண்டியது. அழுத்தம் தாளாமல் பாறை திடீரெனச் சிதறும் விபத்துகள் அவ்வயலின் தீராப் பயமாயிருந்தன. இவையாவும் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துகள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தோ பளிங்குக் கல்லின் நுண்தூசி. துளையிடும் இயந்திரம் கிளப்பிய அத்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகி மூச்சை மெல்ல மெல்ல நெரிப்பது. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய்க்கு மாற்று மருந்து இல்லை. காசநோய் எளிதில் அதனோடு வந்து சேரும். தங்கவயலின் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்து 1947-ல் வெளியான ஆய்வில், 43.7 விழுக்காட்டினர்க்கு இந்நோயின் அடையாளம் காணப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்து நான்கு பேர்!

இவ்வெண்ணை மீட்பாளனின் தகுதி விதிக்கு அருகில் வைத்துப் பார்ப்போம். அவ்விதியின்படி அந்த நாற்பத்து நான்கு பேரையும் மீட்புப் படையில் சேர்த்தல் கூடாது. இரண்டு மணிநேரம் கருவியணிந்து நடக்க அவர்களுடைய நுரையீரல் தகுதியற்றது. ஆனால், நாள்தோறும் அதே ஆழத்தில், அதே தூசியில், ஆண்டுக்கணக்காக உழைத்தே அவர்கள் அந்நிலையை அடைந்தார்கள். மீட்பு என்பது எப்போதோ நேரும் ஆபத்து. உழைப்பு என்பது ஒவ்வொரு நாளும் நேரும் ஆபத்து. எப்போதோ நேரும் ஆபத்துக்குச் சான்று கேட்ட சமுதாயம், ஒவ்வொரு நாளும் நேர்ந்த ஆபத்துக்கு ஏன் கேட்கவில்லை? தகுதியற்றிருந்தது தொழிலாளியின் நெஞ்சன்று. அவனை அனுப்பிய சுரங்கமே தகுதியற்றிருந்தது. வைத்தியரின் படத்தை நேர்மையாகப் படித்தால் அது சுரங்கத்தின் மீதே குற்றம் சாட்டும்.

தங்கவயலின் தொழிலாளர் இதனை உணராதிருந்தவர்களல்லர். தங்கள் உடலைக் கம்பெனி எவ்வாறு பதிவுசெய்கிறது என்பதில் அவர்கள் விழிப்புடனிருந்தார்கள். 1930-ல் அவர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தமை அதற்குச் சான்று. மறுபுறம், 1940-ல் மைசூர் சமஸ்தானம் சிலிக்கோசிஸ் விதிகளை இயற்றி இந்நோயை இழப்பீட்டுக்குரியதாக ஏற்றபோது, அதே வைத்தியப் படம் தொழிலாளியின் கையில் ஓர் ஆவணமாயிற்று. ஒரே பரிசோதனை, அது யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலங்காகவும் ஆகலாம், படைக்கலமாகவும் ஆகலாம். 2001 பெப்ரவரி 28-ல் தங்கவயல் மூடப்பட்டது. தூசி ஏறிய நெஞ்சுகளை மூடிவிட எந்த அரசாணையாலும் இயலவில்லை.

சுரங்கத்தை விட்டு நம் மலைநாட்டுக்கு வருவோம். கோலாருக்குச் சென்றவர்களைப்போன்றே நிலமற்று, சாதியால் ஒதுக்கப்பட்டுக் கடல் கடந்தவர்களே கண்டிச் சீமைக்கும் வந்தார்கள். இன்று கெலிஓயாவிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் சாலையில் போகின்றவர், தோட்டப் பொருளாதாரம் பிறந்த பகுதியையே நெருங்குகின்றார். 1824-ல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கருகே கோப்பித் தோட்டம் அமைத்தார். அக்காலத் தமிழர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே பலர் மடிந்தார்கள். அப்போது அவர்களுக்கு எந்த வைத்தியப் பரிசோதனையும் இல்லை.

பரிசோதனை வந்தது, நோய் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் பரவும் என்னும் அச்சம் வந்தபின்னரே. 1872-ல் தோட்டங்களின் வைத்தியத் தேவைக்கான சட்டம் இயற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மண்டபம் முகாம் எழுந்தது. அங்கே வந்தோர் பல நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பெற்று, கொக்கிப்புழுவுக்கு மருந்தூட்டப்பெற்று, தகுதியுடையோர் எனக் கண்டபின்னரே கப்பலேற்றப்பட்டனர். இதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை நாம் மறுக்கவில்லை. அம்மை குத்துவதும் புழுவை நீக்குவதும் நன்மையே. ஆனால், அப்பரிசோதனையின் கேள்வி எது? இம்மனிதன் உழைப்பானா, தோட்டத்துக்கு நோய் கொணர்வானா என்பதே. அவன் நலமாய்த் திரும்புவானா என்று மண்டபம் கேட்கவில்லை.

தகுதியுடையவர் என்று சான்று பெற்று வந்தவர்களின் மக்களை 1948-ன் குடியுரிமைச் சட்டம் நாட்டுக்கு உரியவரல்லர் என்றது. உழைப்பதற்குத் தகுதியுண்டு, வாக்களிப்பதற்குத் தகுதியில்லை! 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவர்கள் திருப்பியனுப்பப்பட்டபோது, அதே மண்டபமே மீண்டும் அவர்களை வரவேற்றது. பாட்டன் உடலைச் சோதித்து அனுப்பிய வாயிலிலே பேரன் அகதிபோல் வந்து நின்றான்.

ஆக, ஒரே காலத்தில் இருவகை வைத்தியச் சான்றுகள் நிலவின. ஒன்று மனிதனைக் காப்பதற்காக அவனை நிறுத்துவது. மற்றது மூலதனத்தைக் காப்பதற்காக மனிதனைச் சல்லடையிற் சலிப்பது. இரண்டிலும் வைத்தியரின் கருவி ஒன்றே. நோக்கமே வேறு.

இவ்விருவகைச் சான்றுக்கும் புறத்தே, எந்தச் சான்றும் அற்ற மூன்றாம் கூட்டமொன்று உண்டு. 2023 நவம்பர் 12-ல் இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலத்துச் சில்க்யாராவில், அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த சாலைச் சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். பெரும் துளைப்பான் இயந்திரம் இடிபாட்டுள் உடைந்து நின்றது. இறுதியிலே வரவழைக்கப்பட்டவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர் எனப்படுவோர் பன்னிருவர். ஓர் ஆள் தவழுமளவே இடமுள்ள குழாயினுள் புகுந்து, எஞ்சியிருந்த சில மீற்றர் தூரத்தைக் கையாலே அகழ்ந்தனர். பதினேழாம் நாளாகிய நவம்பர் 28-ல் 41 பேரும் உயிருடன் வெளிவந்தனர். எலிவளை முறையோ 2014-ல் இந்தியாவின் பசுமைத் தீர்ப்பாயத்தால் ஆபத்தானதெனத் தடுக்கப்பட்டது. பிழைப்புக்காக வளைக்குள் நுழையும்போது சட்டத்துக்குப் புறம்பானவர்கள். நாட்டின் மானத்தைக் காக்க நுழைந்தபோது மாவீரர்கள். அவர்களுள் ஒருவரின் வீடு, ஆக்கிரமிப்பு நிலத்திலுள்ளதென்று கூறி, அடுத்த பெப்ரவரியிலே தில்லியில் இடிக்கப்பட்டது. புகழ்மாலை கூரையாகாது.

இது தொலைதேசத்துக் கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியுமா? நம் நாட்டிலும் போகலவிலும் கஹட்டகஹவிலும் காரீயச் சுரங்கங்கள் நிலத்தின் ஆழத்துக்குச் செல்கின்றன. அங்கே இறங்கும் சிங்களத் தொழிலாளியின் நுரையீரலும் கோலார்த் தமிழனின் நுரையீரலும் வேறுபட்டவையல்ல. அதனினும் அண்மையில், நம் மலைச்சரிவுகளே மழைக்காலத்தில் சுரங்கங்களைப்போல் மனிதரை மூடுகின்றன. 2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்நிலம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளை மீண்டும் பெயர்த்தது. இத்தகைய வேளைகளில் இராணுவமும் இயந்திரமும் வருமுன் மண்வெட்டியுடன் ஓடுகின்றவன் பக்கத்து லயத்துத் தொழிலாளி. அவனுக்குப் பயிற்சியில்லை, கருவியில்லை, காப்புறுதியில்லை. சரிந்த மண் மீண்டும் சரியும் என்பதை அவனுக்குச் சொல்லுவாரில்லை.

ஆபத்து வேளையில் சான்று தேடிக்கொண்டிருக்க முடியுமா என்று சிலர் வினவுவர். முடியாது. அதனாற்றான் சான்றும் பயிற்சியும் ஆபத்துக்கு முன்னரே வேண்டும் என்கிறோம். தகுதி விதி ஏழையை விலக்கிவைக்கும் வேலியாகிவிடாதா என்னும் ஐயமும் நியாயமானதே. குறைந்த உணவும் இரத்தசோகையும் உள்ள மக்களிடையே உயர்ந்த விதியை வைத்தால் பலர் தவறுவர். ஆனால் அதற்காக விதியைத் தாழ்த்துதல் தீர்வாகாது. உணவையும் வைத்தியத்தையும் உயர்த்துதலே தீர்வு. அத்தனை பேர் தவறினால், அக்கணக்கே அரசின்மீதும் கம்பெனிகள்மீதும் வைக்கப்படும் குற்றப்பத்திரிகையாகும்.

எனவே நாம் கோருவன சில. மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் பயிற்சி பெற்ற மீட்புக் குழு வேண்டும். அக்குழுவினர்க்குரிய வைத்தியப் பரிசோதனை அரசின் செலவிலோ கம்பெனியின் செலவிலோ, சம்பள நாளொன்றும் குறையாமல், காலந்தோறும் நடைபெறவேண்டும். பரிசோதனையின் முடிவு முதலில் தொழிலாளியின் கைக்கு, அவன் மொழியிலே வரவேண்டும். தகுதியற்றவன் என்று கண்டால் அவனுடைய வேலை போகலாகாது, வைத்தியம் தொடங்கவேண்டும். மீட்கச் சென்று ஊனமுற்றவனுக்கும் மாண்டவனின் குடும்பத்துக்கும் ஈடு வழங்குதல் கருணையாக இராமல் உரிமையாக இருக்கவேண்டும்.

சுரங்க மீட்பாளனுக்கென எழுதப்பட்ட விதி ஒரு நூற்றாண்டுக் கால மரணங்களிலிருந்து கற்ற அறம்: பிறரைக் காக்கச் செல்பவனின் உயிரும் உயிரே; அவன் நெஞ்சைப் பார்க்காமல் அவனை அனுப்புதல் குற்றம். இவ்வறத்தை மீட்பாளனோடு நிறுத்திக்கொள்ள நியாயமில்லை. சுரங்கத்தில் துளையிடுகின்றவனுக்கும், சரிவிலே கொழுந்தெடுக்கின்றவளுக்கும், நஞ்சு மருந்து தெளிக்கின்றவனுக்கும் அதே கேள்வி கேட்கப்படவேண்டும். இவ்வுடல் எவ்வளவு உழைக்கும் என்று கேட்டது நேற்றைய மண்டபம். இம்மனிதன் மாலையில் நலமாக வீடு திரும்புவானா என்று கேட்கும் வைத்தியச் சான்றே நாளைய சமுதாயத்துக்கு உரியது. அதனைக் கேட்கவைப்பது உழைக்கும் மக்களின் ஒன்றுபட்ட குரலாலன்றி வேறெதனாலும் இயலாது.